துக்க வீட்டு வாசலில் மிஸ்ஸி லோகநாயகி

மிஸ்ஸி லோகநாயகி காலமான செய்தி வந்தபோது நான் ஷா ஆலமில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் பிரேமாதான் அழைத்தார். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தாங்க, தூக்கத்துலயே..." பிறகு அவரே கேட்டார்: "நீங்க மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்கதானே?" தாயை இழந்த அன்றும் அந்த வீட்டில் தாயின் வழக்கமான அந்தக் கேள்வி நிற்கவில்லை. காரை ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கிள்ளான் வாசகர்கள் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அரசாங்கத் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; நர்ஸ் என்பதால்தான் எல்லோருக்கும் அவர் 'மிஸ்ஸி'. கணவர் லோரி ஓட்டியவர். ஓய்வு வயதைத் தொடும் முன்பே மாரடைப்பில் போய்விட்டார். நானோ வேலைக்காலம் முழுவதும் மக்கள்தொகைக் கணக்குகளோடு இருந்தவன். ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த சுகாதாரக் கூட்டம்தான் எங்களை அறிமுகப்படுத்தியது.

மக்கள் எத்தனை வயதுவரை வாழ்கிறார்கள் என்று பேச என்னை அழைத்திருந்தார்கள். நான் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினேன். ஒன்று நாட்டின் சராசரி ஆயுள். மற்றது எங்கள் மாநிலமான சிலாங்கூரின் சராசரி. சிலாங்கூர்க் கோடு மேலே ஓடியது. கைதட்டினார்கள். அடுத்து நம் இந்தியச் சமூகத்து ஆண்களின் கோட்டைக் காட்டினேன். அது நாட்டின் சராசரிக்கும் கீழே கிடந்தது.

முன்வரிசையில் இருந்த லோகநாயகி எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "உங்க வீட்டுல பென்ஷன் வயசுக்கு முன்னாடியே போன ஆம்பளைங்க இருந்தா கையைத் தூக்குங்க" என்றார். முதலில் தூக்கியது அவருடைய கைதான். பிறகு ஒவ்வொன்றாக உயர்ந்தன. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் தூக்காதவர்கள் சிலர்தான்.

"சிலாங்கூர் நல்லாத்தான் இருக்கு, சார். நம்ம ஆம்பளைங்கதான் பாதியில எழுந்து போயிடுறாங்க" என்று என்னிடம் சொன்னார். "இன்னைக்கும் பாருங்க, ஒருத்தரையும் காணோம்."

பின்னாலிருந்து ஒரு பெண், "கூட்டத்துக்கெல்லாம் வர மாட்டாங்க, மிஸ்ஸி. சாவு வீடுன்னா வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து உட்காருவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லோகநாயகி சிரிக்கவில்லை. மறுவாரம் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அங்கேயே போயிடலாம், சார்" என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் போனேன். பூச்சோங்கில் ஒரு சாவு வீட்டு வாசலில், கூடாரத்தின் கீழ் ஆண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை மேசையில் வைத்ததும் இறந்தவரின் அண்ணன் வந்துவிட்டார். "என்ன மிஸ்ஸி, சாவு வீட்டுல வந்து யாவாரமா பண்றீங்க?" லோகநாயகி கருவியை எடுத்துப் பைக்குள் வைத்தார். உள்ளே போய் இறந்தவரின் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அழுது ஓயும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் புறப்படும்போது இறந்தவரின் தம்பி கார்வரை வந்தார். "மிஸ்ஸி, எனக்கு மட்டும் பாருங்க. அண்ணனுக்குத் தெரிய வேணாம் லா" என்றார். லோகநாயகி காரின் பின்கதவைத் திறந்து, அங்கேயே உட்கார வைத்துப் பார்த்தார். அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. லோகநாயகியின் முகம் மாறவில்லை. "நாளைக்குக் காலையில கிளினிக்குக்கு வாங்க. நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார். சொன்னபடியே போனார்.

அன்றிலிருந்து அவர் எந்த வீட்டுக்குள்ளும் கருவியைக் கொண்டுபோனதில்லை. காரைக் கூடாரத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்துவார். உள்ளே போய் மரியாதை செய்துவிட்டு வந்து காரருகே நிற்பார். சிகரெட் பிடிக்க வருவதுபோல ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். யாரையும் திட்ட மாட்டார். "பயமுறுத்தினா வீட்டுக்குப் போய் ரெண்டு பெக் போட்டுட்டுப் படுத்துக்குவாங்க" என்பார்.

டெங்கில் ஊர்க்கார முனியாண்டியை மட்டும் அவரால் அசைக்க முடியவில்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பிறகு பாதுகாவலர் வேலைக்கு வந்தவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், எல்லை கடந்திருந்தது. "எங்க தாத்தா, அப்பா எல்லாரும் அம்பது வயசுல போனவங்க, மிஸ்ஸி. எங்க குடும்பத்து வயசு அது" என்றார். லோகநாயகி, "அது குடும்பத்து வயசு இல்லண்ணே, தோட்டத்து வயசு. இப்பத்தான் நீங்க தோட்டத்துல இல்லையே" என்றார். முனியாண்டி சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த தீபாவளியை அவர் பார்க்கவில்லை.

அந்த வீட்டுக்கும் நாங்கள் போனோம். அங்கே முனியாண்டியின் இரண்டு மகன்கள் நின்றிருந்தார்கள். இருவரும் குடும்பஸ்தர்கள், அப்பாவைப் போலவே கனத்த உடம்பு. "இன்னைக்கு வேண்டாமே, மிஸ்ஸி" என்றேன். "இன்னைக்குத்தான் சார் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவர்களிடம் போனார். காரியங்கள் முடியும்வரை காத்திருந்து, இருவருக்கும் பார்த்தார். மூத்தவர், அழுத்தம் பார்க்கும்போதே அழுதுவிட்டார். லோகநாயகியும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஆண்டுதோறும் புதிய ஆயுள் கணக்கு வெளிவரும்போது முதலில் அவருக்குத்தான் சொல்வேன். "நம்ம கோடு ஏறிச்சா?" என்று கேட்பார். சில ஆண்டுகள் கொஞ்சம் ஏறியிருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாக் கோடுகளும் இறங்கின. மற்றவர்களோடு இருந்த இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது. ஒருமுறை, "நம்ம செய்யறது அதுல தெரியுமா, சார்?" என்றார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இவ்வளவு பெரிய கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது என்றேன். "சரி. அந்த ஆளுங்க வீட்டுல தெரியும்ல" என்று சொல்லிவிட்டு, மறுநாள் போக வேண்டிய வீட்டு முகவரியை எனக்கு அனுப்பினார்.

இந்த நாட்டுப் பெண்களின் சராசரி ஆயுளைத் தாண்டியே அவர் வாழ்ந்தார். கிள்ளானில் அவர் வீட்டுக் கூடாரத்தின் கீழ் முனியாண்டியின் மூத்த மகனைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, உடம்பு இளைத்திருந்தது. "அப்பா வயசைத் தாண்டிட்டேன், அங்கிள்" என்றார். அவர் தோளில் கை வைத்தேன்.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் முடிவெட்டப் போயிருந்தேன். பக்கத்தில் காத்திருந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது இனிப்புநீரின் அடையாளமாக இருக்கலாம் என்று லோகநாயகி சொல்லக் கேட்டிருக்கிறேன். முன்பெல்லாம் நான் பத்திரிகையைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருப்பேன். இந்த முறை, "காலு மரத்துப் போகுதா, அண்ணே?" என்று கேட்டுவிட்டேன். முதலில் முறைத்தார். பிறகு, "ஆமாங்க, ரெண்டு மூணு மாசமா. வீட்டுல சொல்லல" என்றார்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் இப்படிக் கேட்கும் துணிச்சல் என் இயல்பு இல்லை. அது லோகநாயகி எனக்கு விட்டுப்போனது. அந்த மனிதர் முடிவெட்டி முடிக்கும்வரை காத்திருந்து, தெருமுனைக் கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே நடந்தோம். வழியில் அவர் தம் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.