கிரிஜா மாற்ற மறுத்த கதை

1. இதழுக்கு வந்த கதை

எண்பதுகளின் நடுவில், ஏரியூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் எனக்கு முதல் போஸ்டிங். ஒரே அறை, நான்கு பீரோ, ஒரு வாசிப்பு மேஜை. பள்ளிப் படிப்பை முடித்து வீட்டோடு இருக்கும் பிள்ளைகளை உள்ளே வரவழைக்கக் கையெழுத்து இதழ் ஒன்று தொடங்கினேன். யார் கதை கொடுத்தாலும் நானே பிரதி எடுத்து, தைத்து, மேஜையில் வைப்பேன்.

மூன்றாவது இதழுக்குக் கிரிஜா ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தாள். இருபது வயது. டெய்லர் கடையில் வேலை. வீட்டில் பேசுவது கன்னடம், பள்ளியில் படித்தது தமிழ்.

"படிச்சிட்டு சொல்லுங்க மேடம். நல்லா இல்லைன்னா நேராவே சொல்லிடுங்க."

நன்றாகவே இருந்தது. கன்னடம் பேசும் பெண்ணும் தமிழ் பேசும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பெண் பார்க்க ஆள் வந்த அன்று ஒருத்தி தகப்பனிடம், "எனக்கு மாப்பிள்ளை வேணாம்பா, நான் அவகூடத்தான் இருப்பேன்" என்கிறாள். கடைசியில் இருவரும் தர்மபுரியில் வாடகைக்கு இடம் பிடித்துக் குடியேறுகிறார்கள். அதை ஒருத்தி 'வூடு' என்கிறாள், மற்றவள் 'மனெ' என்கிறாள். அதற்கே ஒரு சண்டை. படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். இப்படிப்பட்ட பெண்கள் வந்த ஒன்றிரண்டு கதைகளை முன்பு படித்திருக்கிறேன். அவற்றில் கடைசியில் யாராவது கிணற்றில் விழுவார்கள். கிரிஜா யாரையும் சாகவிடவில்லை.

ஆனாலும் எனக்குப் பயம். மறுநாள் அவளிடம், "ஒரு பொண்ணைப் பையனா மாத்திடு. மனெங்கிறதையும் வீடுன்னு எழுதிடு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "ஒருத்தருக்கு அளவெடுத்துத் தெச்ச ஜாக்கெட்ட இன்னொருத்தருக்குப் போட்டா பொருந்துமாங்க மேடம்? இது அவங்க ரெண்டு பேருக்கு எடுத்த அளவுங்க. வேணாம்னா நோட்டக் குடுத்துடுங்க."

திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஓர் எழுத்தும் மாற்றாமல் பிரதி எடுத்தேன். பெயர் போடட்டுமா என்று கேட்டதற்கு, "போடுங்க" என்றாள்.

2. தலைவர் வந்த காலை

வாசகர் வட்டத் தலைவர் ஊரில் பெரிய விவசாயி. நூலகம் நடந்த அறையும் அவருடையதுதான். இதழை மேஜையில் வைத்த நாலாம் நாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, இத நீ படிச்சியா?"

"படிச்சேனுங்க."

"படிச்சுமா வெச்சிருக்க? வயசுப் புள்ளைங்க வந்து போற எடம். எவளோ கிறுக்கிக் குடுத்தா நீயும் எழுதி வெப்பியா? ரூம காலி பண்ணச் சொல்லட்டுமா?"

புத்தகம் மாற்ற வந்திருந்த கிரிஜா பீரோ பக்கமிருந்து வந்தாள்.

"நான்தாங்க எழுதினேன். மேடத்தப் பேசாதீங்க."

"இதப் படிச்சு நாலு பொண்ணுங்க கெட்டுப் போனா?"

"எந்தக் கதையும் படிச்சு நான் இப்படி ஆகலீங்க. நான் இப்படித்தாங்க. என்னை மாதிரி ஒருத்திய எந்தப் புத்தகத்துலயும் காணோம். அதான் எழுதினேன்."

தலைவர் இதழை என் முன்னால் போட்டார். "மேசை மேல இருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அறையைக் காலி செய்யச் சொல்லவில்லை.

ஆனால் ஊர் பேசியது. டெய்லர் கடைக்காரர் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். இரண்டு மாதத்தில் அவள் பெங்களூருக்குத் தையல் வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்காக நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

3. கேட்டு வந்தவர்கள்

இதழை என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு பெண் வந்து மெல்லக் கேட்டாள்: "மேடம், அந்தக் கிரிஜா அக்கா கதை..." எடுத்துக் கொடுத்தேன். பிறகு இன்னொருத்தி. அப்புறம் பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி ஒருத்தி வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் இப்பவும் ஒண்ணாத்தான் இருக்காங்களா மேடம்?"

கதைதானேம்மா என்று சொல்ல நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும், "இருக்காங்கம்மா" என்றேன்.

அந்தக் கதையைப் பார்த்ததும் யார் கோபப்படுவார்கள் என்று மட்டுமே நான் யோசித்தேன். அதற்காக யார் காத்திருக்கிறார்கள் என்பது இருபது வயதுக் கிரிஜாவுக்குத் தெரிந்திருந்தது. வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

எனக்கு மாற்றல் வந்தபோது, சார்ஜ் ஒப்படைப்பதற்கு முன் அந்த இதழில் நூலக முத்திரை குத்தினேன். நூலகத்துப் புத்தகங்களுக்கெல்லாம் நம்பர் போடும் அக்சஷன் ரிஜிஸ்டரில் அதற்கும் ஒரு நம்பர் போட்டேன். நம்பர் ஏறிய புத்தகத்தை மேலதிகாரி உத்தரவில்லாமல் யாரும் கழித்துக் கட்ட முடியாது. ஆசிரியர் என்ற இடத்தில் கிரிஜா என்று எழுதினேன்.