டிஷ்ஷில் வைத்த சோறு

பருப்பும் நெய்யும் பிசைந்த ஒரு கைப்பிடிச் சோறு. அதை நான் பார்த்தது இலையிலோ தட்டிலோ அல்ல, மொட்டை மாடியில் நின்ற டி.வி. டிஷ்ஷின் கீழ் விளிம்பில். நம் பக்கத்து டிஷ்கள் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடப்பவை. வடக்கே நான் வேலை பார்த்த ஊர்களில் அவை ஓரளவு நிமிர்ந்து நிற்கும். தெற்கே வர வர மல்லாந்துகொண்டே வரும். அதனால் தஞ்சாவூர்ப் பக்கத்து டிஷ்ஷுக்குள் எது விழுந்தாலும் தங்கிவிடும். வேப்பம்பழம், பிள்ளைகள் அடித்த பந்து, வைக்கோல் என்று என்னென்னவோ அள்ளி வெளியே போட்டிருக்கிறேன். சோற்றைப் பார்த்தது அந்த ஒரு வீட்டில்தான்.

நான் ஓரிடத்தில் நிலைத்தவன் அல்ல. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அப்பா இறந்த வருஷம் அது. நின்றதற்காக வீட்டில் யாரும் அழவில்லை, நானும் அழவில்லை. அதன்பிறகு சாயப்பட்டறை, லாரி, ஹோட்டலில் பாத்திரம் கழுவுவது, அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போவது என்று எது கிடைத்ததோ அதைச் செய்தேன். ஒரத்தநாட்டில் டிஷ் மாட்டும் கடையில் சேர்ந்ததற்குக் காரணம், கடைக்குப் பின்னால் படுக்க இடம் கொடுத்தார்கள் என்பதுதான். காலிப் பெட்டிகளுக்கு நடுவே அட்டையை விரித்துப் படுப்பேன். காலையில் டீ. மத்தியானம் வேலை செய்யும் வீட்டில் சாப்பிடச் சொன்னால் சாப்பாடு, சொல்லாவிட்டால் இல்லை. சேர்ந்த அன்று, "என்னா வேல தெரியும்?" என்று முதலாளி கேட்டார். தென்னை ஏறுவேன் என்றேன். "அது போதும்" என்றார்.

ஒருநாள் அவர் செல்போனை மேஜையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "தலையாரி வூட்டம்மா மறுபடியும் போன் போட்டுட்டாங்கடா. பெட்டிய மாத்தியாச்சு, ஒயர மாத்தியாச்சு. இனிமே வூட்டத்தான் மாத்தணும். நீ ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வா."

புகார் எப்போதும் ஒன்றுதான். மத்தியானம் ஆனால் படம் உடைகிறது. எங்கள் ஆட்கள் வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்கப் பார்ப்பவர்கள், காலையில் போவார்கள். காலையில் அந்த வீட்டில் படம் கண்ணாடி மாதிரி ஓடும். ரிமோட்டை நாலு தட்டுத் தட்டிவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்று சொல்லித் திரும்பிவிடுவார்கள். நான் அன்று பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்த பஸ் பிடித்து, இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து அந்த வீட்டுக்குப் போனபோது உச்சிவெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

தலையாரி என்றால் அந்தக் கிராமத்துக்கே காவல் மாதிரி. எந்த மடையில் யார் தண்ணீரை அடைத்தார், யாருடைய மாடு யாருடைய நாற்றங்காலில் இறங்கியது, எந்த வரப்பு யார் பக்கம் நகர்ந்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வேலை பார்த்த காலம் முழுக்க அவர் கையில் கம்போடு வயலைச் சுற்றியவர். நான் பார்க்கும்போது கூடத்தில் ஓர் இரும்புக் கட்டிலில் கிடந்தார். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாயும் கோணியிருந்தது. காதும் மந்தம். கால்மாட்டில் டி.வி. அதைப் பார்த்தபடியே கிடந்தார். ஆனால் அந்த ஆள் வீட்டுக்குள் வந்த என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அடுத்தவன் மடையைத் திறக்க வந்தவனைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"வாப்பா. நீயாச்சும் ஒக்காந்து பாப்பியா, இல்ல ஒன் கூட்டாளிங்க மாரி ரிமோட்ட அமுக்கிட்டு ஓடிருவியா?" என்றார் அந்த அம்மா.

"இப்ப நல்லாத்தானம்மா ஓடுது?"

"உச்சிக்கு வரட்டும். எங்க வூட்டு டீவிக்கு உச்சியிலதான் பேய் புடிக்கும். நான் வேலையெல்லாம் முடிச்சிட்டு வந்து பாத்தா படம் கட்டங்கட்டமா ஒடஞ்சு கெடக்கும். அவுங்க அதையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. கோவப்படக்கூட மாட்டாங்க. ஊரு பூரா சுத்துன மனுசன். இப்ப அவுங்களுக்கு இந்தப் பொட்டிதான் ஊரு. அதுவும் ஒடஞ்சுபோனா என்னாத்தப் பாப்பாங்க, சொல்லு?"

மாடிக்குப் படிக்கட்டு வீட்டின் பின்புறம், வெளியே இருந்தது. பிடித்து ஏறக் கம்பியோ சுவரோ வைக்காமல் விட்ட படி. அந்த அம்மா என் பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்தார். மேலே தரை முழுக்க உளுந்து காய்ந்தது. அறுத்த வயலில் எடுத்த உளுந்து.

"பாத்துக் கால வையி. போன வருசம் இங்கதான், உளுந்து தொழாவையில தல சுத்தி விழுந்துட்டேன். பொழுது சாயுற மட்டும் கெடந்தேன். அடுத்த வூட்டுப் பொண்ணு துணியெடுக்க வந்து பாத்துட்டுக் கத்துச்சு. உளுந்தோட உளுந்தா நானும் காஞ்சாச்சு, ஒடச்சுப் பருப்பாக்க வேண்டியதுதான் பாக்கின்னு நான் சொன்னேன், அதுக்கு என்னா சிரிப்பு!"

அவரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அடித்துப் போன பெரும் புயலுக்குப் பிறகு எல்லா வீட்டிலும் போல இங்கேயும் டிஷ்ஷைக் கம்பத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. விரலால் தள்ளினால் தலையாட்டியது. ஆனாலும் விட்டால் பழைய இடத்துக்கே வந்து நின்றது. இதற்காக மத்தியானத்தில் மட்டும் படம் ஏன் உடைய வேண்டும் என்று புரியவில்லை. கீழே வந்து தலையாரிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மா, "சாப்புட்டுட்டுத்தான் போவணும்" என்று சொல்லி அடுப்படிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கையை மூடியபடி பின்வாசல் வழியாக வெளியே போனதைப் பார்த்தேன். அதன்பின் சிறிது நேரம் போயிருக்கும். படம் கட்டங்கட்டமாக உடைந்தது. பாடியவளின் வாய் ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலும் போய் நின்றன. பிறகு திரை கறுத்துவிட்டது.

ஓடிப்போய் மாடி ஏறினேன். டிஷ்ஷுக்குள் இரண்டு காக்கைகள் நின்று சோறு தின்றுகொண்டிருந்தன. இன்னொன்று டிஷ்ஷுக்கு முன்னால் நீண்டிருக்கும் கம்பியின் நுனியில், அலைகளை வாங்கும் அந்தக் குமிழின் மேலேயே உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தது. டிஷ் ஊஞ்சல் மாதிரி ஆடியது. நான் கையை ஓங்கியதும், உளுந்தோரம் நின்ற அந்த அம்மா கத்தினார்.

"ஏய், வெரட்டாத! திங்கட்டும்."

"அம்மா, இதுலயா சோறு வைக்கிறீங்க?"

"வேற எதுல வைக்கிறது? தரையில வச்சா உளுந்தக் கிண்டுது. கைப்புடிச் சொவத்துல வச்சா பூன வந்துருது. இது தட்டாட்டம் தோதா இருக்கு. காக்கா தின்னாம நாங்க வாயில சோறு வச்சதில்லப்பா. நீங்கதான மாட்டிட்டுப் போனீங்க, இதுல வைக்காதேன்னு ஒருத்தனாச்சும் சொன்னானா?"

ஒருவனும் சொல்லவில்லைதான். காக்கைகள் பறந்த பின்னும் பெட்டி மறுபடி படத்தைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த அம்மா இறங்கி வந்து பார்க்கும்போது படம் உடைந்து கிடந்ததற்கு அதுதான் காரணம். போல்ட்டுகளை முடுக்கினேன். கம்பியில் காக்கை உட்காராதபடி கருவேல முள் சுற்றிக் கட்டினேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் கூரை ஓடு ஒன்றை மல்லாத்தி வைத்து, இனிமேல் சோறு இதில் என்றேன். கீழே வந்து முருங்கைக்காய்க் குழம்பு, அப்பளத்தோடு வயிறு முட்டச் சாப்பிட்டேன். கடைக்குப் போய்ச் சொன்னபோது முதலாளி இருமல் வரும்வரை சிரித்தார். ஒரு வாரம் வருகிறவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார்.

அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் அந்த அம்மாவின் போன் மறுபடி வந்தது. இந்த முறை என்னைக் கேட்டு வாங்கிப் பேசினார். "தம்பி, படம் ஒரு கொறையுமில்ல. ஆனா அவுங்க சோத்துல கைய வைக்க மாட்டேங்கிறாங்க. மத்தியானமானா டீவியக் காட்டிக் காட்டி ஒரே பொலம்பல். என்னாத்த மாத்திட்டுப் போன நீ?"

போனேன். அதே வேளைக்குப் போனேன். தலையாரி இளைத்திருந்தார். அந்த அம்மா சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசலைத் தாண்டியதும் அவருடைய இடக்கை கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தது. கண் திரையை விட்டு நகரவில்லை. படம் அருமையாக ஓடியது, ஒரு சிறு கோடுகூட இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவர் கை நரம்பு புடைத்தது. திரையைக் காட்டினார். பிறகு கூரையைக் காட்டினார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ஒடையல" என்றார். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி சொன்னார்: "அவ… மேல… அன்னைக்கி… கெடந்தா. எனக்குத் தெரியல."

அந்த அம்மா மாடியில் விழுந்து கிடந்த பகல் முழுக்க இவர் இந்தக் கட்டிலில் டி.வி. பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது, கேட்டிருந்தாலும் எழுந்திருக்க முடியாது. அதற்குப் பிறகு எப்போதோ அவர் கண்டுபிடித்திருக்கிறார்: அவள் மேலே போய்ச் சேர்ந்தால் படம் உடைகிறது. உடைந்தால் அவள் படியேறிவிட்டாள், சோற்றை வைத்துவிட்டாள், இனி இறங்கி வருவாள். ஊரில் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று அறிந்தே பழகிய மனிதருக்குத் தன் தலைக்கு மேலே நடப்பதை அறிய மிஞ்சியிருந்த ஒரே வழி அது. அவருக்காகத்தான் அந்த அம்மா எங்கள் கடைக்குப் போன் மேல் போன் போட்டார். நானும் போய் முள் கட்டிவிட்டு வந்தேன்.

அந்த அம்மா இறங்கி வந்து வாசலில் தலை காட்டியதும் தலையாரியின் பிடி தளர்ந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்து நின்றார்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து எங்க போற, எப்ப வருவேன்னு ஒரு வார்த்த கேட்டதில்ல இந்த மனுசன். நாத்து நட்டுட்டு இருட்டுல வந்தாக்கூடக் கேட்டதில்ல. கால் ஓஞ்ச பொறவுதான் எனக்குக் காவலு" என்றார். பிறகு குரலை உயர்த்தி, அவர் காதருகே போய், "ஏங்க, வந்துட்டேங்க!" என்று கத்தினார். தலையாரியின் கோணிய வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. அது சிரிப்பு என்று எனக்குப் புரிய நேரமாயிற்று.

இனிச் சோற்றைப் பழையபடி டிஷ்ஷிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, நான் மாடிக்குப் போய் முள்ளை அவிழ்த்தேன். போல்ட்டுகளைப் பழையபடி கொஞ்சம் தளர்த்தினேன். எந்தக் கடையும் ஒத்துக்கொள்ளும் வேலை அல்ல அது. எங்கள் ஆட்கள் மாற்றிவிட்டுப் போட்டிருந்த பழைய ஒயர் சுருளாக ஒரு மூலையில் கிடந்தது. அதை மூன்றாக முறுக்கி, மேலே கம்பத்திலிருந்து கீழே வேப்பமரம் வரைக்கும் படிக்கட்டை ஒட்டி இழுத்துக் கட்டினேன், பிடித்துக்கொண்டு ஏறுவதற்கு. கடையில் வந்து, கோளாறு சரியாகிவிட்டது என்று சொன்னேன். அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து புகார் வரவில்லை. அடுத்த குறுவை நடவுக்குள் நானும் அந்த ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன்.

போன மாசியில் பட்டுக்கோட்டைக்குத் தேங்காய் ஏற்ற வந்த லாரியில் நான் இருந்தேன். லோடு ஏற ஒருநாள் ஆகும் என்றார்கள். தலையாரி வீட்டுக்குப் பஸ் ஏறினேன். வீடு அப்படியே இருந்தது. படியோரம் நான் கட்டிய ஒயர், கை பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. கூடத்தில் கட்டில் மட்டும் இருந்தது, பாய் சுருட்டி வைத்திருந்தது. தலையாரி அதற்கு முந்தின மழைக்காலத்தில் போய்விட்டார் என்று அந்த அம்மா சொன்னார். "கஷ்டப்படல. சோறு தின்னாங்க, படுத்தாங்க, அவ்வளவுதான்." என்னைக் கை கழுவச் சொன்னார்.

அடுப்படியிலிருந்து வந்தபோது அவர் கையில் பருப்பும் நெய்யும் பிசைந்த கைப்பிடிச் சோறு இருந்தது. இடக்கையால் டி.வி.யைப் போட்டார். எனக்காகத்தான் போடுகிறார் என்று நினைத்து, "இருக்கட்டும்மா, எதுக்கு?" என்றேன். டி.வி. அப்போதும் கட்டிலைப் பார்த்துத்தான் இருந்தது. ரிமோட்டைக் கட்டிலின் மேல், தலைமாட்டுப் பக்கம் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார்.

லாரிக்கு நேரமாகிவிடுமோ என்று அதுவரை மனசு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நாற்காலியை விட்டு நான் எழவில்லை. யாரோ எதையோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. என் கை கட்டிலின் இரும்புச் சட்டத்தில் இருந்தது. சட்டென்று படம் கட்டங்கட்டமாக உடைந்தது. கறுத்தது. நான் மூச்சு விட்டேன். படம் மறுபடி கூடி வருவதற்குள் பின்வாசலில் காலடி கேட்டது. கையைப் புடவையில் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"ஒடஞ்சுதா?" என்று கேட்டார்.

"ஒடஞ்சுதும்மா" என்றேன்.

இலை போட்டார்.