ஆலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள்

கோட்டைக் காட்டில் வழி தவறாமல் நடந்தவர்கள் யாரும் அம்புக்காரியை நினைத்ததில்லை. தவறியவர்கள்தான் நினைத்தார்கள். அதுவும் நல்ல வார்த்தையில் இல்லை.

பாதையோர மரங்களிலும் பாறைகளிலும் மஞ்சள் அம்பு வரைவது அவள் வேலை. பெயர் அப்படி வந்ததுதான். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் காலாற நடக்கட்டும் என்று நிர்வாகம் சில நடைபாதைகளை வைத்திருந்தது. அகழியைச் சுற்றிப் போவது குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்கு. வயல் வரப்பில் போவது படம் எடுக்கிறவர்களுக்கு. நடக்கவென்றே வருகிறவர்களுக்குக் காட்டுப்பாதை. அது கோட்டையின் பின்வாசலில் தொடங்கி, இடிந்த காவல்மேடையைத் தொட்டு, ஓடையைத் தாண்டி, பழைய மாவு ஆலைக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் போய் முடியும்.

அந்தப் பாதை அவள் போட்டது. கோட்டை முற்றத்தைப் பெருக்க வந்தவள் அவள். காட்டுக்குள் ஒரு வழி வேண்டும் என்று அப்போதைய நிர்வாகம் யோசித்தபோது, விறகு பொறுக்கிப் பழகியவள் என்று அவளைக் கேட்டார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அலைந்து, மாட்டுத் தடத்தையும் ஓடைக்கரையையும் ஒன்றோடொன்று கோத்து, நடுவில் புதர் வெட்டி, வழுக்கும் இடத்தில் கல் பதித்துப் பாதையை முடித்தாள். கோட்டையில் இருந்த மற்ற எல்லாம் என்றைக்கோ எந்த ராஜாவோ கட்டியவை. இது ஒன்றுதான் அவள் செய்தது. அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. பெருக்குகிறவள் பெருமை பேசினால் முற்றத்தில் குப்பை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

மழை ஓய்ந்ததும் ஆண்டுதோறும் அம்புகளைப் புதுப்பிப்பாள். கம்பித் தூரிகையால் மரப்பட்டையைத் தேய்த்துப் பாசியை எடுக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் மரத்துக்குக் காயம், மேலாகத் தேய்த்தால் அடுத்த மழையில் வண்ணம் உரிந்துவிடும். பிறகு தகரத்தில் வெட்டிய அம்பு அச்சை அழுத்திப் பிடித்து, தூரிகையைப் பட்டும் படாமலும் தோய்த்து ஒற்ற வேண்டும். நிறையத் தோய்த்தால் அம்புக்கு மூக்கு ஒழுகும் என்பாள். வண்ண டப்பாக்கள் கோட்டையின் பழைய குதிரை லாயத்தில் இருந்தன. காலையில் அங்கே டப்பாவை எடுத்து இடுப்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டு நடந்தால் ஆலையில் போய் முடிப்பாள். அங்கிருந்து பேருந்து பிடித்து வீடு. இத்தனை வருடமும் இப்படித்தான்.

அந்த வருடம் கோடை முடிவதற்குள் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். மேலாளர் கெட்டவர் இல்லை, கத்தவும் மாட்டார். கத்தாதவர்களோடு வாதாடுவதுதான் கஷ்டம்.

"காட்டுப்பாதையை மூடிடலாம்னு இருக்கேம்மா. வாராவாரம் யாராவது தொலைஞ்சு போறாங்க, நாம ஆள் அனுப்பித் தேட வேண்டியிருக்கு. நேத்து ஒரு வயசான அம்மா அழுதே அழுதுட்டாங்க."

"அம்பு இருக்கே சார். போனைப் பாத்துக்கிட்டே நடந்தா அம்பு என்ன, எதிர்ல ஆனையே நின்னாலும் தெரியாது."

"அவங்ககிட்ட போனே இல்லம்மா."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மாசக் கடைசில ரெண்டு பக்கமும் சங்கிலி போட்டுடலாம். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. பழையபடி முற்றத்தைப் பாத்துக்குங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். முற்றம் என்றால் துடைப்பம். அவள் லாயத்துக்குப் போனபோது புதுச் சங்கிலி ஏற்கெனவே வந்து மூலையில் சுருண்டு கிடந்தது.

வீட்டில் சொன்னாள். கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எந்த விஷயத்தையும் இன்ஜினைக் கழற்றுவது போலத்தான் கழற்றுவார்.

"ஒருத்தன் தப்பாப் போனா அவன்மேல தப்பு. வர்றவன் போறவன் எல்லாம் தப்பாப் போனா?"

"என் அம்புமேல தப்புங்கறீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? நீயே சொல்லிக்கிட்ட."

அடுப்பங்கரையில் ஏதோ மூடி சத்தமாக விழுந்தது. கூடத்தில் நாத்தனார் சிரித்தாள். ஆலைக்குப் பக்கத்துத் தையல் கடையில் வேலை செய்கிற அவள், அண்ணன் சட்டைக்குக் காலர் மாற்றிக் கொண்டுவந்திருந்தாள். வழி விஷயத்தில் அவள் குடும்பத்துக்கே நிரந்தர வேடிக்கை. சொந்தத் தெருவிலேயே வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறவள். துணிக்கடையில் உடை மாற்றும் அறைக்குள் போனால் வெளியே வர ஆள் வேண்டும்.

"என்னைக் கூட்டிட்டுப் போங்க அண்ணி. எனக்கே வழி தெரிஞ்சுதுன்னா அப்புறம் யார் என்ன பேச முடியும்?"

"நீ மட்டும் வழி தவறாம நடந்துட்டா நான் மீசையை எடுத்துடறேன்" என்றார் அண்ணன்.

"இருக்கறது நாலு முடி. அதுக்குப் பந்தயம் வேறயா?" என்றாள் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை கடையில் அரைநாள் வேலை. அது முடிந்ததும் அங்கிருந்தே கிளம்பினார்கள். நாத்தனார் முன்னால், அம்புக்காரி பின்னால். வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

ஆலைச் சுவரைத் தாண்டி, முதல் மேடு ஏறியதுமே நாத்தனார் நின்றாள். இப்படிப் பார்த்தாள், அப்படிப் பார்த்தாள், பிறகு ஒரு முடிவோடு வயல் பக்கம் இறங்கினாள்.

ஒப்பந்தம் அங்கேயே முறிந்தது. "அடியே, எங்க போற? இவ்வளவு பெரிய அம்பு கண்ணுக்குத் தெரியலையா?"

"எங்க அண்ணி? காட்டுங்க பாப்போம்."

அம்புக்காரி மரத்தைக் காட்டினாள். மரம் வெறுமையாக இருந்தது, பட்டையும் பாசியும்தான். அடுத்த மரமும் அப்படியே. ஒரு நிமிடம் யாரோ அழித்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அங்கே இருந்தது அம்பு, பளிச்சென்று, மூக்கு ஒழுகாமல், கோட்டையிலிருந்து வருகிறவர்களைப் பார்த்தபடி.

"ரொம்ப அழகா இருக்கு அண்ணி. நான் பின்பக்கமாவே நடந்து வந்திருக்கணும்போல" என்றாள் நாத்தனார்.

அம்புக்காரி அடுத்த மரத்துக்கு நடந்தாள். அதற்குப் பிறகு எல்லா மரத்திலும் அதேதான். ஒவ்வொரு மரத்துக்கும் மறுபக்கம் போய்ப் பார்த்து வந்தாள், ஒன்றாவது இந்தப் பக்கம் இருக்காதா என்ற நப்பாசையில்.

அதைவிடப் பெரிய அடி ஓடைக்கு அப்பால் விழுந்தது. அவளுக்கு அது இரண்டு தடங்கள் வந்து சேரும் இடம். சேரும் இடத்தில் யாருக்கு அம்பு வேண்டும்? எங்கிருந்து வந்தாலும் ஒரே வழிதானே. அதனால் அங்கே அவள் ஒருநாளும் தூரிகையை எடுத்ததில்லை. இப்போது எதிர்த்திசையில் நின்றபோது அதே இடம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இரண்டும் ஒரே அகலம், இரண்டிலும் ஒரே மாதிரி சருகு.

நாத்தனார் திரும்பினாள். "சரி, நான் தோத்துட்டேன். எது வழின்னு நீங்களே சொல்லுங்க."

அம்புக்காரி சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்ல? இடதுபக்கம் என்று தோன்றியது. நடந்தார்கள். தடம் மெலிந்து, மெலிந்து, யாரோ ஒருவருடைய முள்வேலியில் போய் முட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு இவர்களை மரியாதையாகப் பார்த்தது.

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். சத்தியமா. அந்த மாடு சொன்னாத்தான் உண்டு."

அம்புக்காரிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது, மேலாளர் சொன்ன அந்த அழுத அம்மாவின் ஞாபகம் வந்தது. அந்த அம்மாவும் இந்த வேலிவரை வந்திருப்பாள். போன கோடையில் கோட்டைக்குள் காபிக் கடை திறந்தார்கள். அப்போதிலிருந்து ஜனங்கள் ஆலையில் இறங்கி நடந்து வந்து, கோட்டையில் உட்கார்ந்து காபி குடிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் காபி கிடைக்கிற பக்கமாகத்தானே கால் நடக்கும். இதை அவள் கண்ணால் பார்த்தும் இருக்கிறாள், எதிரே வந்தவர்களுக்கு ஒதுங்கி வழியும் விட்டிருக்கிறாள். அவர்கள் மரத்தில் எதைப் பார்த்து நடக்கிறார்கள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

"உன் பையில துண்டுத் துணி இருக்கா?"

தையல்காரி பையில் துணிக்கா பஞ்சம்? ஆலைவரை திரும்பிப் போய், முதலிலிருந்து மறுபடி நடந்தார்கள். நாத்தனார் முதலில் எங்கெல்லாம் நின்றாளோ, எங்கெல்லாம் விழித்தாளோ, அங்கெல்லாம் கண் மட்டத்தில் ஒரு சிவப்புத் துண்டு கட்டினார்கள். ஓடைக்கு அப்பால் இந்த முறை வலதுபக்கம் போனார்கள். கோட்டைவரை அவள் தயங்கிய இடம் ஒன்றைக்கூட விடவில்லை. நேராகப் போகிற இடத்தில் அம்புக்காரி வரிசையாக ஏழெட்டு மரத்தில் அம்பு போட்டிருந்தாள், அங்கே பட்டை வழவழவென்று இருந்ததால். குழப்பமான இடத்தில் மரம் கரடுமுரடு. அங்கே ஒன்றும் இல்லை. இதைப் பார்த்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் ஆலைப் பக்கத்திலிருந்து தொடங்கி வரைந்தாள். துணி கட்டிய இடத்தில் எல்லாம் அம்பு, கரடுமுரடான மரத்தை விட்டு எதிரே ஒரு பாறை, பாறை இல்லாத இடத்தில் நட்டு வைத்த கட்டை. முடித்ததும், லாயத்துக்கு வந்திருந்த மேலாளரிடம் போனாள்.

"தப்பு என்னோடது சார். ஒரு பக்கம் மட்டும் போட்டிருக்கேன். இப்ப சரி பண்ணிட்டேன். நீங்க ஒரு தடவை ஆலைலேருந்து நடந்து பாருங்க. நான் கூட வரமாட்டேன்."

"நானா? நான் அந்தப் பாதைல போனதே இல்லையேம்மா."

"அதனாலதான் சார் கேக்கறேன். போனவங்க நடந்து பிரயோஜனம் இல்ல."

மேலாளர் சங்கிலி கிடந்த மூலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் காலை ஆலைக்குப் போகும் பேருந்தில் ஏறினார்.

பின்வாசலில் அவள் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினாள். காபிக் கடையில் முதல் கூட்டம் வந்து போயிற்று. மதிய வெயில் சுவரைவிட்டு இறங்கியது. தேட ஆள் அனுப்பச் சொல்ல வேண்டியவரே காட்டுக்குள் இருந்தார். அவர் தொலைந்துவிட்டால் யார் யாரைத் தேடுவது என்று அவளுக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சிரிப்பு.

கடைசியில் புதர் விலகியது. மேலாளர் பாதை வழியாகத்தான் வந்தார். முழங்கால்வரை சேறு, சட்டையில் முள். காவல்மேடையில் உட்கார்ந்து கோட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாராம், அதனால் தாமதமாம்.

"வழி நல்லாத் தெரியுதும்மா. ஓடைகிட்ட மட்டும் கொஞ்சம் யோசிச்சு நின்னேன்."

"எந்தப் பக்கம் பாத்து நின்னீங்க சார்?"

அவர் திரும்பி நின்று, கையை நீட்டி, ஞாபகப்படுத்திக் காட்டினார். அவள் அவருக்குப் பக்கத்தில் வந்து, அவர் பார்த்த திசையிலேயே பார்த்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு லாயத்துக்குப் போய் டப்பாவை எடுத்து இடுப்பில் மாட்டினாள். சங்கிலியை அந்த வாரமே வண்டி நிறுத்துமிடத்தில் கட்டினார்கள்.

நாத்தனாருக்குத்தான் ஏமாற்றம். அடுத்த வருடம் மழை விட்டதும் தானாகவே வந்து நின்றாள்.

"போலாமா அண்ணி?"

"உனக்குத்தான் வழி தெரிஞ்சுபோச்சே. இனிமே நீ எதுக்கு லாயக்கு?" என்றாள் அம்புக்காரி. "உங்க கடைல புதுசா யாராவது சேர்ந்திருக்காங்களா? இந்தப் பக்கமே வராத ஆளா இருக்கணும்."