அடங்காத ஆசைக்கு ஒரு படிவம்

ஆசையை அடக்க முடியாமல் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்கிறவர்களைக் கண்டுபிடிக்க ஆங்கிலத்தில் ஒரு கேள்விப் படிவம் இருக்கிறது. நான் உதவியாளனாக இருந்த சென்னை மனநல ஆய்வுக் குழு அதைத் தமிழாக்கக் கிளம்பியது. "பாரசீக மொழியிலகூட வந்துடுச்சு. நமக்கு என்ன குறைச்சல்?" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார் எங்கள் தலைமை மருத்துவர். செம்மொழியின் மானம் அன்றைக்கு என் மடிக்கணினியில் வந்து உட்கார்ந்தது.

மொழிபெயர்க்கத் தமிழறிஞர் ஒருவரை அமர்த்தினார்கள். 'பாலுணர்வு உந்துதல்களைக் கட்டுப்படுத்த இயலாமையால் தாங்கள் பணிக்குச் செல்லாதிருந்ததுண்டா?' என்கிற ரீதியில் எழுதித் தந்தார். ஒரு பிழை கிடையாது. அப்படியே கல்லில் வெட்டலாம். இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். மூலத்தோடு அச்சாகப் பொருந்தியது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரிகிற தமிழ் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? குழு கைதட்டியது.

பிறகுதான், சாதாரண மக்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டுமே என்ற கவலை வந்தது. "நீங்க பழவேற்காடு பக்கம்தானே? உங்க ஆளுங்ககிட்டயே கேட்டுடுங்க" என்றார் மருத்துவர். பொன்னேரியில் பஸ் மாறி, படிவக் கட்டோடு சொந்தக் குப்பத்துக்குப் போய் இறங்கினேன். நைனாவிடம் "சுகாதார சர்வே" என்று சொல்லிவைத்தேன். பொய்யில்லை. ஆனால் நைனா அதைப் பெருமையாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

வலை தைக்கிற கொட்டகையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "பதில் வேணாம், கேள்வி புரியுதான்னு மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, முதல் கேள்வியைப் படித்தேன்.

"கடைசியில இன்னா சொன்னே, வேலைக்குப் போவலையான்னா?" என்றார் ஒருவர். "போன வாரம் பூரா போவலையே. நம்ம பாடு இல்லையே! ஆமான்னு போட்டுக்கோ."

ஏரியில் எங்கள் ஊர்க்காரர்கள் முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. முறை வராத நாளில் யாரும் ஏரிக்குப் போவதில்லை. ஆகவே எல்லோரும் "எனக்கும் ஆமா" என்றார்கள். படிவத்தின்படி எங்கள் குப்பம் மொத்தமும் காமத்தில் மூழ்கிக் கிடந்தது. அடுத்த கேள்விகளுக்கு விளக்கம் சொல்லப் போய், விஷயம் இன்னதென்று தெரிந்ததும் கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வலையிலிருந்து தலையை நிமிர்த்தவும் இல்லை.

நான் கிளம்பியபோது அவரே என் பின்னாலேயே பஸ் நிறுத்தம்வரை வந்தார். நாற்பது வயதிருக்கும். அதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன்.

"தம்பி, நீ படிச்சதுல எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா அது என்னைப் பத்திதான்னு தோணுது."

"சொல்லுங்கண்ணா."

"அதுல இப்ப சொகமும் இல்ல தம்பி. ஆனா போனைக் கையில எடுத்தா வைக்க முடியல. அந்த வீடியோ, அந்தப் பொம்பளைங்களோட பேச்சு... வுட்டுடணும்னு காலையில சத்தியம் பண்றேன், மத்தியானம் மறுபடியும் பாக்கறேன். பொண்டாட்டி கண்டுபுடிச்சிட்டா. புள்ளைங்கள இட்டுக்கினு சுண்ணாம்புக்குளம் போயிட்டா, அம்மா ஊட்டுக்கு."

"டாக்டர்கிட்ட காட்டலாமேண்ணா?"

"இன்னான்னு சொல்லிக் காட்டறது? இதுக்கு ஒரு பேரு கீதா?"

இருந்தது. அறிஞர் வைத்த பெயர் என் பையிலேயே இருந்தது. எடுத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் அவரைச் சென்னைக்கு அழைத்துப்போனேன். மருத்துவர் முதல் காரியமாக எங்கள் படிவத்தைத்தான் நீட்டினார். வேலைக்குப் போகாமல் இருந்ததுண்டா? இல்லை, தன் பாட்டை அவர் ஒருநாளும் விட்டதில்லை. வீட்டில் யாரும் ஆட்சேபிக்கிறார்களா? இல்லை, வீட்டில் யாருமே இல்லை. கூட்டிப் பார்த்தால் மனிதர் பூரண ஆரோக்கியம்.

மருத்துவர் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க" என்றார். வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். ஊர்க்காரர் முகம் வீங்கி, கண் சிவந்து வெளியே வந்தார். அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தார்கள்.

படிவத்தைத் திருத்த மறுபடி குழு கூடியது. ஊர்க்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அவர் சொன்னதையே கேள்வியாக எழுதியிருந்தேன்: 'விட்டுவிட வேண்டும் என்று நினைத்தும் விட முடியாமல் போகிறதா?'

"இது பேச்சுத் தமிழாச்சே" என்றார் அறிஞர்.

"பேசறவங்களுக்குத்தானே சார்" என்றேன். அந்தக் குழுவில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மருத்துவர் என் பக்கம் நின்றார். அறிஞரின் மனம் கோணக் கூடாதென்று 'முடியாமல்' என்பதை மட்டும் 'இயலாமல்' ஆக்கி ஏற்றுக்கொண்டார்கள். வேலை பற்றிய கேள்வியையும், வீட்டாரைப் பற்றிய கேள்வியையும் எடுத்துவிட்டு வேறு எழுதினோம்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். கையில் பட்டன் போன். மனைவி திரும்பி வந்துவிட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகத்தான் வந்தேன், உனக்காக இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டாராம்.

"சரியாயிட்டேன்னு சொல்ல மாட்டேன் தம்பி" என்றார். "ரெண்டு தபா வழுக்கிட்டேன். போய் டாக்டராண்ட சொன்னேன், திட்டல. ஊட்ல சொன்னேன், திட்டினா. ஆனா பொட்டியத் தூக்கல."