ஐந்தாவது துளையின் வெளிச்சம்

எங்கள் நிவாரண அலுவலகத்துக்கு நெட்வேர்க் கேபிள் இழுத்தவர் பாக்கியரத்தினம் அண்ணன். லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வருவார். அலுவலகத்தடிச் சோதனைச் சாவடியில் அவருடைய கேபிள் சுருளைத் தினமும் அவிழ்க்கச் சொல்வார்கள். அவிழ்த்துக் காட்டிவிட்டு, திரும்பவும் சுற்றிக்கொண்டு வருவார். அவர் முகம் சுளித்து நான் கண்டதில்லை. எனக்குத்தான் கோபம் வரும்.

சுவரில் ஒரு சின்னப் பெட்டி, சுவிச் என்போம். அதில் எட்டுத் துளைகள். ஆளுக்கொரு துளையிலிருந்து அவரவர் மேசைக்கு ஒரு கேபிள். கொம்பியூட்டரைப் போட்டதும் அவரவர் துளையில் பச்சை வெளிச்சம் எரியும். எட்டாவது துளை சும்மா கிடந்தது. ஐந்தாவது ஆனந்தராசா அண்ணனுடையது. அவருடைய மேசை பெட்டிக்கு நேர் கீழே. பதினொரு வருசம் பாக்கியண்ணனோடு ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவர். 2006 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலைக்கு வரும் வழியில் அவரைச் சுட்டுவிட்டார்கள். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்கு வந்தோம். செவ்வாய்க்கிழமை அவருடைய கொம்பியூட்டரைக் கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். கேபிள் முனை மேசையில் கிடந்தது.

புதன்கிழமை, மூதூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் பட்டியலை இரண்டு மணிக்குள் நான் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். போனால்தான் பால்மா லொறிக்கு அனுமதி. என் தங்கை அசனா கைக்குழந்தையோடு அவர்கள் தங்கியிருந்த முகாமில்தான் இருந்தாள். பன்னிரண்டரைக்கு எல்லோருடைய தொடர்பும் ஒன்றாக நின்றுபோயிற்று.

பாக்கியண்ணன் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்த்தார், ஐந்தாவதைத் தவிர. ஒன்று நாற்பதுக்குத்தான் கவனித்தேன். ஐந்தாவதில் வெளிச்சம் எரிந்தது. அந்தக் கேபிளின் மறுமுனை எட்டாவது துளையில் இருந்தது.

"அண்ணன், ரெண்டு முனையும் பெட்டியிலயே கிடக்கு."

"ஓம் தங்கச்சி. சாப்பிடேக்க நான்தான் செருகினனான்."

"அப்பிடிச் செருகினா செய்தியெல்லாம் உள்ளுக்கையே சுத்தும், ஒண்டும் வெளிய போகாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"தெரியும். லைற் எரியுமெண்டும் தெரியும்."

"கழட்டுங்கோ."

"என்னால ஏலாது, றுக்கியா. நீங்கள் கழட்டுங்கோ."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இழுத்தேன். வெளிச்சம் அணைந்தது. ஒன்று ஐம்பதுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. அவருடைய பார்சலில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மாலையில் அந்தக் கேபிளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். நான் வரிசையில் பின்னால் நின்றேன். சாவடியில் அதையும் அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்துக் காட்டினார்.