நான்கு வார்டுக்கு ஒரு காட்டெருமை

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்னப் பேரூராட்சி. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு பேச மாட்டார்கள், அதனால் சொல்லவில்லை. அங்கே அன்னக்கிளியைத் தெரியாதவர் கிடையாது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். அதோடு காலனி வார்டின் கவுன்சிலர். மன்றக் கூட்டம் உள்ள நாட்களில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸோடு நேராகப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போவார்.

பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடு ஒன்றில். தாய் தகப்பனோடு கப்பலேறி ராமேஸ்வரத்தில் வந்திறங்கியபோது சின்னப் பிள்ளை. மண்டபம் முகாமில் அதிகாரி தாயிடம், "சாமான் என்னம்மா கொண்டாந்தீங்க?" என்று கேட்டதற்கு, "அம்மா இருக்கு, அப்பா இருக்கு, நான் இருக்கேன். மத்தத ஒங்க ஆளுங்க தேடிப் பாத்து எடுத்துக்கிட்டாங்க" என்று இவர்தான் முந்திக்கொண்டு சொன்னாராம். அந்த வாய்தான் பின்னாளில் அவரைக் கவுன்சிலராக்கியது. ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளில் அவர் பெரிய வாக்குறுதி எதுவும் தரவில்லை. "தண்ணி வருமான்னு எங்கிட்டக் கேக்காதீங்க. வரலைன்னா தலைவரத் தூங்க விட மாட்டேன். அது மட்டுந்தான் என்னால முடியும்" என்றார். ஜெயித்துவிட்டார்.

இப்படியிருக்கும்போது ஊருக்குக் காட்டெருமை வந்தது. உயிருள்ள காட்டெருமைகள் தினமும்தான் வருகின்றன. முட்டைக்கோசைத் தின்றுவிட்டுப் போகின்றன. இது ஃபைபரில் செய்த சிலை. நிஜத்தைவிட ஒரு சுற்றுப் பெரியது. கொடுத்தவர் நல்லசாமி. கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி நடத்தி, மகனிடம் ஒப்படைத்துவிட்டு மலைக்கு வந்து பங்களா வாங்கிக் குடியேறியவர். பஸ் ஸ்டாண்டு ரவுண்டானாவில் வைக்க ஊருக்கு அன்பளிப்பாகத் தருகிறேன் என்றார். அவர் கேட்டது இரண்டே இரண்டு: பீடத்தில் தன் பெயர் இருக்க வேண்டும், சிலையின் முகம் தன் பங்களாவைப் பார்க்க வேண்டும்.

தலைவர் அண்ணாதுரைக்கு இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மலர்ந்துவிடும். செயல் அலுவலர் அருண்பிரசாத் தீர்மானத்தைப் படித்தார். பஜ்ஜி வந்தது. பஜ்ஜி தீருவதற்குள் தீர்மானம் நிறைவேறியது. அன்னக்கிளியும் கை தூக்கினார். அவர் வாயிலும் அப்போது பஜ்ஜிதான் இருந்தது.

சிலை நின்ற பிறகுதான் சங்கதி புரிந்தது. அந்த ரவுண்டானாவில் நான்கு தெருக்கள் கூடுகின்றன. நான்கும் நான்கு வார்டு. பங்களா ரோட்டுக்கு முகம். எதிர்ப்பக்கம் காலனிப் படிக்கட்டு. காலனிக்காரர்கள் வேலைக்குக் கிளம்பி இறங்கி வரும்போது முதலில் கண்ணில் படுவது காட்டெருமையின் பின்புறம். செய்தவர் பெரிய கலைஞர், இயற்கைக்குத் துரோகம் செய்யத் தெரியாதவர். வாலை வேறு ஒரு பக்கமாகத் தூக்கி வைத்திருந்தார்.

"அன்னக்கிளியக்கா, நம்ம வார்டுக்கு நீ கொண்டாந்த திட்டம் இதுதானா?" என்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் கேட்டார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், "வழி தெரியுமுங்க, அந்த மாட்டுக்குப் பின்னாடிதானே?" என்றார்கள். கருப்பம்மா என்ற பெண்ணின் பிள்ளை பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர்' என்று படம் வரைந்து, வாலுக்குக் கீழே இருப்பதையும் விடாமல் வரைந்து, வகுப்புக்கு வெளியே நின்றது.

அன்னக்கிளி அடுத்த கூட்டத்தில் எழுந்தார். "மாட்டத் திருப்பி வைங்க."

"எந்தப் பக்கங்க?" என்றார் தலைவர்.

"பின்பக்கம் எங்க பக்கந் தவிர எந்தப் பக்கமானாலும் சரி."

மார்க்கெட் வார்டு கவுன்சிலர் தன் பக்கம் கூடவே கூடாது என்றார். மீதமிருந்த தெருவில் பேரூராட்சி அலுவலகம் இருந்தது; தலைவரின் அறை ஜன்னல் ரவுண்டானாவைப் பார்த்தபடி இருந்தது. அந்தப் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை. "நிபந்தனையோட ஏத்துக்கிட்டோம் மேடம். கொடுத்தவர் சம்மதிக்காம அசைக்க முடியாது" என்று அருண்பிரசாத் முடித்துவிட்டார்.

அன்னக்கிளி சண்டை போடவில்லை. சரிங்க சார் என்று சொல்லி உட்கார்ந்தார். அவர் சரி என்று சொன்னால் பயப்பட வேண்டும் என்று தலைவருக்குத் தெரியும். செயல் அலுவலர் ஊருக்குப் புதிது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூடுபனி விலகியபோது காட்டெருமையின் பின்புறத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கியது. தூக்கிய வாலில் ஒரு கயிறு, பின்னங்கால்களில் இரண்டு கயிறு. நடுவில் மாலை போட்ட நல்லசாமியின் சிரித்த முகம், வாலுக்கு நேர் கீழே. 'எங்கள் காலனிக்கு இந்தக் காட்சியை வாரி வழங்கிய வள்ளல் நல்லசாமி அவர்களுக்கு நன்றி! நன்றி! நன்றி!'

பேருந்துக்கு நின்றவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நல்லசாமி எழுந்து பல் விளக்குவதற்குள் அந்தப் படம் மலையிறங்கி, கோயம்புத்தூரில் அவர் மகனின் கைப்பேசிக்குப் போய், அங்கிருந்து 'அப்பா, என்னது இது?' என்ற கேள்வியோடு திரும்பி வந்தது.

கார் வந்து ரவுண்டானாவில் கீச்சென்று நின்றது. நல்லசாமி ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். அன்னக்கிளி அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, என்ற மூஞ்சியக் கொண்டுபோய் எங்க மாட்டிருக்கறீங்க?"

"எங்க பக்கத்துல வேற எடமில்லீங்க தொரை. முன்பக்கம் பூராவும் ஒங்க பக்கமில்ல இருக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்லசாமிக்கு முகம் சிவந்தது. திட்ட வாயெடுத்தவர், ஏனோ திட்டவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"என்ற ஊட்டுக்காரிக்குக் காட்டெருமைன்னா உசுருங்க. பக்கத்துல போகப் பயம். மாடியில நின்னு பாத்துட்டே இருப்பா. போன வருசம் போய்ச் சேந்துட்டா. அவ நின்ன எடத்துல நின்னு பாத்தா மொகந் தெரியட்டும்னு கேட்டனுங்க. உங்க பக்கம் என்ன தெரியும்னு நெனச்சே பாக்கலீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அன்னக்கிளி டீயைப் பாதியில் நிறுத்தினார். டம்ளரை வைத்துவிட்டுப் போய், பீடத்தில் ஏறி, தானே கயிறுகளை அவிழ்த்தார். பேனரை முகம் மடங்காமல் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல தொரை? காலனிக்காரங்களுக்கு இது போதும்னு நெனச்சீங்களோன்னு எங்களுக்குக் கோவம்."

"அட, அப்படியெல்லாம் இல்லீங்க. நான் சிலையத் திருப்பி எடுத்துக்கறனுங்க. என்ற தோட்டத்துலயே வெச்சுக்கறேன்."

அதுவும் முடியவில்லை. மறுநாள் அலுவலகத்தில் அருண்பிரசாத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், நீங்க கொடுத்துட்டீங்க, நாங்க வாங்கிட்டோம். இனி அது பேரூராட்சிச் சொத்து. திருப்பித் தரணும்னா மேலிடத்துல அனுமதி வாங்கணும். ஏன் திருப்பித் தர்றீங்கன்னு கேப்பாங்க. நான் என்னன்னு எழுதறது?"

யாருக்கும் எழுதத் தெரியவில்லை. அன்னக்கிளிதான் வாயைத் திறந்தார்.

"மாட்டையே சுத்த விட்டா என்ன? ஆளுக்குக் கொஞ்ச நாள் மொகம், கொஞ்ச நாள் மத்தது."

தலைவர் சிரித்தார். நல்லசாமி சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எதையோ கணக்குப் போட்டார். "அடியில ஒரு பேரிங் வெச்சா போதுமுங்க. நம்ம கம்பெனியில பழசு ஒண்ணு கெடக்குது" என்றார். ஓய்வு பெற்ற முதலாளி அந்த நிமிடமே வேலைக்குத் திரும்பிவிட்டார். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சுப்பண்ணன் வெல்டிங் வேலைக்கு வந்தார். இருவரும் பீடத்துக்கடியில் படுத்துக்கொண்டு, கிரீஸ் பூசிய கைகளோடு, யார் சொல்வது சரி என்று நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். அன்பளிப்பாக வந்த பொருளை மாற்றலாமா என்று அருண்பிரசாத் கவலைப்பட்டார். "மாத்தலீங்க சார், சுத்திவிட்டுக் கழுவ வசதி பண்றோம். பராமரிப்புன்னு எழுதிக்கோங்க" என்றார் அன்னக்கிளி. அப்படியே எழுதினார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தெருவுக்கு முகம் என்று முடிவானது. முதல் முறை காலனிக்குத் திருப்பிய அன்று பெண்கள் குலவையிட்டார்கள். நல்லசாமியே தள்ளினார்.

ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு காலை நிஜக் காட்டெருமை ஒன்று மேலேயிருந்து இறங்கி வந்தது. சிலையை முகர்ந்தது. கொம்பால் லேசாக ஒரு தட்டு. சிலை அரைவட்டம் சுற்றி வந்து, தட்டிய மாட்டின் விலாவிலேயே பின்புறத்தால் ஒரு இடி வைத்தது. அது பின்வாங்கி, யோசித்து, மறுபடி முட்டியது. முதல் பஸ் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முட்டுவதும் சுற்றுவதும் இடி வாங்குவதுமாகக் கொஞ்ச நேரம் நடந்தது. கடைசியில் நிஜம் தோற்று, மார்க்கெட் பக்கமாக, யாரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டது. சிலை மெதுவாக நின்றபோது அதன் பின்புறம் தலைவரின் ஜன்னலுக்கு நேராக இருந்தது.

அன்றே பூட்டுப் போட முடிவு செய்தார்கள். சாவி யாரிடம்? தலைவர் வைத்துக்கொள்ள மற்றவர்கள் ஒப்பவில்லை. பெரும்பாலும் எஸ்டேட்டில் இருக்கிறவர், நினைத்த நேரத்தில் வந்து திருப்ப மாட்டார் என்று நம்பி அன்னக்கிளியிடம் கொடுத்தார்கள். ஊரிலேயே பெரிய பதவி அதுதான் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

வைகாசியில் தலைவர் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் மார்க்கெட் தெருவில். முறைப்படி அந்த மாதங்களில் அந்தத் தெருவுக்குப் பின்புறம். தலைவர் கொழுந்துக் காட்டுக்கே தேடி வந்தார்.

"அன்னக்கிளிம்மா, சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் அந்த வழியாத்தான் வருவாங்க. ஒரு நாளைக்குத் திருப்பிவிடுங்க."

அன்னக்கிளி கொழுந்து பறிப்பதை நிறுத்தவில்லை. "நல்லாத் திருப்பலாம் தலைவரே. எங்க படிக்கட்டுல மழை பேஞ்சா பொம்பளைங்க வழுக்கி வழுக்கி விழறாங்க. ஒரு கைப்பிடி கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்குது."

"அதுக்கு டெண்டர் விடணும்மா."

"விடுங்க. கல்யாணத்துக்கு இன்னும் நாளிருக்குல்ல?"

கைப்பிடி வந்தது, மேலிருந்து கீழ்வரை, பச்சை பெயின்ட் அடித்து. கல்யாணத்தன்று காட்டெருமை மண்டபத்தைப் பார்த்துக் கம்பீரமாக நின்றது. அன்னக்கிளி பட்டுச்சேலை கட்டி, காலனிப் பெண்களோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கிப் போய், முதல் பந்தியில் நல்லசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.