இன்னும் விழாத மலை

நேற்று எங்கள் தெருவில் குழாய் பதிக்க மண்ணைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மழை வேறு பெய்ததா, ஈரச் செம்மண் வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது பிடிக்குமாம். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

பல்கலைக்கழகத்தில் புலனாய்வு இதழியல் படித்த காலம். இறுதியாண்டு ஆய்வுக்காக நானும் என்னோடு படித்த மாத்தளை டவுன் பஸ்மினாவும் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போனோம். பெரிய துப்பறிவாளர்கள் என்ற நினைப்பு எங்களுக்கு. பஸ்மினா கறுப்புக் கண்ணாடிகூட வாங்கியிருந்தாள். ஏறி முடிப்பதற்குள் இருவர் காலிலும் அட்டைகள்.

லயத்துக்குப் பின்னால் மலையில் நீளமாக ஒரு வெடிப்பு. கை முழுதாக உள்ளே போனது. லயத்தின் கடைசி அறையான காம்பராவில் குடியிருந்த செல்வராணி அக்கா, கொழுந்து பறிப்பவர், எங்கள் காலில் உப்புத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"மழை பேஞ்சா நாங்க தூங்குறதில்ல தங்கச்சி. தொரைகிட்டயும் சொல்லியாச்சு."

தோட்ட மேலாளரான துரையைக் கேட்டால், "அது பழைய வெடிப்பு" என்று சிரித்தார். விடாமல் அலைந்து, மண்சரிவு பார்க்கும் அதிகாரி ஒருவரைப் பிடித்தோம். ஆட்களை உடனே வேறிடத்துக்கு மாற்றும்படி தோட்ட நிர்வாகத்துக்கு எப்போதோ சொல்லிவிட்டதாக அவர் சொன்னார்.

அந்தக் கட்டுரைதான் வகுப்பில் முதலாவது. கொழும்பில் ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம்; முழுவதும் வாசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னும் ஒண்ணும் நடக்கலையே."

"நடந்த பொறகு எழுதுறதுக்கு நாங்க எதுக்கு சேர்?" என்றாள் பஸ்மினா.

அடுத்த மழைக்கு நடந்தது. கொழுந்து நிறுக்கப் போயிருந்ததால் அக்கா தப்பினார். காய்ச்சலோடு படுத்திருந்த மகளும், துணைக்கு நின்ற கணவரும் தப்பவில்லை. அன்று பின்னேரமே ஆசிரியர் அழைத்தார்.

"அந்த வெடிப்புப் படம் இருக்கா?"

அதிகாரி சொன்னதையும் போடுவதென்றால் தருகிறோம் என்றோம். சரி என்றார். மறுநாள் முதல் பக்கத்தில் படம் பெரிதாக வந்தது. தலைப்பு, 'இயற்கையின் சீற்றம்'. அதிகாரி சொன்னதில் ஒரு வரியும் இல்லை.

அக்காவைப் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கவைத்திருந்தார்கள். மடியில் அந்தப் பத்திரிகை. எங்களைக் கண்டதும் அழுவார் என்று நினைத்தேன்.

"நாங்க சொன்னத போடலியே தங்கச்சி" என்றார், அவ்வளவுதான். பஸ்மினாதான் அழுதாள்.

அவள் இப்போது கட்டாரில் ஏதோ காரியாலயத்தில் இருக்கிறாள். அக்கா வவுனியாவில் உறவுக்காரரோடு. லயம் நின்ற சரிவில் மானாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது. எல்கடுவ பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. "மேல் லயம் எறங்குறவங்க" என்று கண்டக்டர் கூப்பிடுவதில்லை. அந்த வளைவில் பஸ் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.